உடலின் குறிப்பறியக் கற்றுத்தரும் எட்டு வாரங்கள்: எம்.பி.எஸ்.ஆர். பயிற்சி குறித்த மதிப்புரை

மன அழுத்தத்தைக் குறைப்பதற்கென்று செயலிகளும் ஒலிப்பதிவுகளும் குறுகியகால வகுப்புகளும் பெருகிவிட்டன. அவற்றுள் பலவற்றுக்கு மூலமாக இருக்கும் பயிற்சியை முழுமையாகச் செய்துபார்த்து, அது எந்த அளவுக்கு உதவுகிறது என்று எழுதுவதே இந்த மதிப்புரையின் நோக்கம். எம்.பி.எஸ்.ஆர். (Mindfulness-Based Stress Reduction, அதாவது விழிப்புணர்வு வழியிலான மன அழுத்தக் குறைப்பு) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த எட்டு வாரப் பயிற்சியை 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கினார். இன்று பல நாடுகளில் மருத்துவமனைகளும் தனியார் நிறுவனங்களும் அதை நடத்துகின்றன. நான் சேர்ந்தது, ஒரு பயிற்சி நிறுவனம் இணையவழியில் நேரலையாக நடத்திய வகுப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் உடல் தரும் அறிகுறிகளைக் காலந்தாழ்த்தி மட்டுமே கண்டுகொள்பவர்களுக்கு இந்தப் பயிற்சி மிகவும் பயன்படும்; ஆயினும் அதன் பெரும்பயன் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில், அதாவது கண்ணை மூடி அமர்ந்திருக்கும் நேரத்தில், கிடைப்பதில்லை. ஒரு சாதாரண அட்டவணைத் தாளில் கிடைக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

பயிற்சியின் கட்டமைப்பு எளிமையானது. வாரம் ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி உண்டு. இவற்றுக்கு அப்பால், வாரத்தில் ஆறு நாள்கள் வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடங்கள் பயிற்சி செய்ய வேண்டும். சேர்வதற்கு முன் ஒருவர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இந்த நேரச் செலவைத்தான், ஏனெனில் ஏற்கெனவே நேரமின்மையால் திணறுகிறவருக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் என்பது சிறிய கோரிக்கை அன்று. தொடக்கத்தில் இப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களுள் பலர் நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்கள். வழக்கமான சிகிச்சைகளால் போதிய நிவாரணம் கிடைக்காதவர்கள். அந்தப் பிறப்பின் தடம் இன்றும் பயிற்சியில் தெளிவாகத் தெரிகிறது. வலியை அகற்றுவதாகவோ பதற்றத்தைப் போக்குவதாகவோ அது வாக்களிப்பதில்லை. உடலில் எழும் உணர்ச்சியை விரட்டாமலும் அதற்குள் மூழ்காமலும், இருப்பதை இருக்கிறபடியே கவனிக்கப் பழக்குவது மட்டுமே தன் வேலை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையை 1920-களில் வகுத்த எட்மண்ட் ஜேக்கப்சனின் தளர்வுப் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுவே: அங்கே தளர்வு குறிக்கோள், இங்கே தளர்வு நேர்ந்தால் நல்லது, நேராவிட்டாலும் பயிற்சி தோற்றுவிடவில்லை.

உடலின் குறிப்புகளை ஏன் கவனிக்க வேண்டும் என்பதை விளக்கும் பாடம் நான்காவது வாரத்தில் வருகிறது. என் கருத்தில் அது முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்து செய்யும் பயிற்சியில் ஊன்றி நிற்பது எளிது. உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்கும் அந்த விளக்கம் சுருக்கமாக இதுதான். ஆபத்து என்று மூளை கணித்ததும் உடலை அவசரநிலைக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு, அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் சில நொடிகளுக்குள் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு மேலேறுகிறது, தோலுக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விரல்கள் குளிர்கின்றன, உமிழ்நீர் வற்றுகிறது, செரிமானம் மந்தமாகிறது. சண்டையிடவோ தப்பியோடவோ உடல் செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்துக்குப் பின்னால், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணி என்ற வரிசையில் இன்னொரு செய்தி மெதுவாகப் பயணிக்கிறது. அதன் விளைவாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. ஒரு வாக்குவாதம் முடிந்து, மனம் வேறு வேலைக்குப் போய்விட்ட பிறகும் உடல் ஏன் அடங்க மறுக்கிறது என்பதற்கு இந்தக் கால இடைவெளி நல்ல விளக்கம் தருகிறது. இந்த ஆயத்தம் ஓயாமல் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மன அழுத்த ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே 1936-இல் எழுதிய சிறு கட்டுரையைப் பயிற்றுநர் எடுத்துக்காட்டினார். வெவ்வேறு வகையான துன்பங்களுக்கு உட்படுத்தப்பட்ட எலிகள் எல்லாவற்றிலும் அட்ரினல் சுரப்பி பெருத்தும், நோய் எதிர்ப்பில் பங்குள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியும், இரைப்பையில் புண்கள் ஏற்பட்டும் இருந்ததை செல்யே கண்டார். துன்பம் எதுவாயினும் உடல் காட்டிய முகம் ஒன்றாகவே இருந்தது.

பயிற்சியின் முதுகெலும்பு, படுத்த நிலையில் உடலெங்கும் கவனத்தை நகர்த்தும் ‘பாடி ஸ்கேன்’. இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று மெல்ல மேலேறி, வலது காலுக்குச் சென்று, இடுப்பு, வயிறு, மார்பு, கைகள், கழுத்து வழியாக உச்சந்தலையில் முடிகிறது. எதையும் அசைக்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதில்லை, அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் பலருக்கும் இரண்டு அனுபவங்களில் ஒன்று நேர்கிறது: தூக்கம் அல்லது எரிச்சல். எங்கள் வகுப்பில் ஒருவர், “என் கால் விரல்களில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, விரல்கள் இருக்கின்றன என்று எனக்கு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். பயிற்றுநர் அவரைத் தேற்ற முயலவில்லை. “சரி, ஒன்றும் தெரியாத இடம் எங்கே முடிந்து, தெரிகிற இடம் எங்கே தொடங்குகிறது என்று இந்த வாரம் பார்த்துக்கொண்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் அவர் அந்த எல்லையைத் துல்லியமாக விவரித்தார். அது பாதத்தின் நடுவே, செருப்பின் வார் படும் இடத்தை ஒட்டி இருந்ததாம். நல்ல பயிற்றுநர் ஒருவர் உடனிருப்பதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

எனக்கு இந்தப் பயிற்சி காட்டிக்கொடுத்தது தாடையை. வாய் மூடியிருக்கும்போதும், ஓய்வு நிலையில் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றையொன்று தொடாமல், சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே இருக்க வேண்டும் என்பது பல் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. விழுங்கும்போதும் மெல்லும்போதும் மட்டுமே அவை சேர வேண்டும். கவனம் முகத்துக்கு வந்து சேரும்போதெல்லாம் என் கடைவாய்ப் பற்கள் அழுந்தியே இருந்தன. காதுக்கு முன்னால், தாடை எலும்பு மண்டையோட்டுடன் பொருந்தும் இடத்தில், விரலால் தொட்டால் சிறிய பட்டாணி அளவு கடினம் தெரிந்தது. மாலை நேரத் தலைவலிக்கு வெளிச்சத்தையும் திரையையும் நெடுங்காலம் காரணமாகக் கருதியிருந்த எனக்கு, அந்தத் தலைவலி பகல் முழுவதும் தாடையிலும் நெற்றிப்பொட்டிலும் சேர்ந்துகொண்டே வருவதை நேரடியாகக் கவனிக்க முடிந்தது. இவ்வாறு ஒரு தசையின் இறுக்கத்தை அது வலியாக மாறுவதற்கு முன்பே அறிவது, சிறிய விஷயமாகத் தோன்றினாலும், இந்தப் பயிற்சி தரும் எல்லாப் பயன்களுக்கும் அதுவே வாசல்.

ஆனால் படுத்துக்கொண்டு கவனிப்பது ஒன்று. வேலைக்கு நடுவே கவனிப்பது மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் பாலமாக இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் தரப்படும் நிகழ்வு அட்டவணைகளையே இப்பயிற்சியின் மிகச்சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன். ஒரு வாரம் நாளுக்கொரு இனிய நிகழ்வு. அடுத்த வாரம் நாளுக்கொரு இனிமையற்ற நிகழ்வு. ஒவ்வொன்றுக்கும் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஐந்து: என்ன நடந்தது, நடக்கும்போதே அதை உணர்ந்தீர்களா, உடலில் என்ன தெரிந்தது, மனநிலையும் எண்ணங்களும் என்ன, இதை எழுதும் இந்த நேரத்தில் என்ன தெரிகிறது. உடலுக்கும் எண்ணத்துக்கும் தனித்தனிக் கட்டம் கொடுத்திருப்பதில்தான் இந்த அட்டவணையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. வழக்கமாக நாம் “எனக்கு மிகவும் டென்ஷனாக இருந்தது” என்று ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இங்கே தெரியாமல் போகிறது. ஆகவே அதைப் பிரித்தே தீர வேண்டியிருக்கிறது.

என் அட்டவணையிலிருந்து ஒரு பதிவைத் தருகிறேன். நிகழ்வு: மேலதிகாரியிடமிருந்து, “கொஞ்சம் பேச வேண்டும், நேரம் கிடைக்கும்போது அழையுங்கள்” என்று ஒற்றை வரியில் வந்த குறுஞ்செய்தி. உடல்: மூச்சு பாதியில் நின்றது, நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியது, வலது தோள் காதை நோக்கி உயர்ந்தது, விரல் நுனிகள் சில்லிட்டன. எண்ணம்: நான் அனுப்பிய அறிக்கையில் ஏதோ பிழை இருக்கிறது. எழுதும் நேரத்தில்: பேசி முடித்தாயிற்று, அறிக்கையைப் பற்றிய பேச்சே எழவில்லை, தோள் இன்னும் உயர்ந்தே இருக்கிறது. இந்தப் பதிவில் என் கவனத்தை ஈர்த்தது கடைசிக் கட்டம். மனம் நிம்மதி அடைந்து பிரச்சினையை முடித்துவிட்டது. தோளோ அந்தக் குறுஞ்செய்திக்குக் கட்டுப்பட்டே நின்றுகொண்டிருந்தது. பிறகு வந்த பதிவுகளை அடுக்கிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது: எனக்கு முதலில் மூச்சு நிற்கிறது, அடுத்துத் தோள், அதற்கடுத்துத் தாடை, அதற்கும் பிறகே எண்ணம் சொற்களாக உருவெடுக்கிறது. வகுப்பில் மற்றவர்களின் வரிசை இதுவாக இல்லை. ஒருவருக்கு வயிற்றில் தொடங்கிற்று. மற்றொருவருக்குக் காது மடல் சூடானது. வேறொருவர் தன் பேச்சின் வேகம் கூடுவதைக் கேட்டுத்தான் தனக்குப் பதற்றம் வந்துவிட்டதை அறிந்தார். மன அழுத்தத்தின் அறிகுறிகள் என்று பொதுவாக வெளியிடப்படும் பட்டியல்கள் ஏன் பெரிதாக உதவுவதில்லை என்பது அந்த உரையாடலில் எனக்கு விளங்கியது. பட்டியலில் இருபது அறிகுறிகள் இருக்கலாம். நமக்குத் தேவையானது நம் உடலில் எது முதலில் வருகிறது என்ற ஒரே தகவல். அது தெரிந்துவிட்டால், பதற்றம் உச்சத்துக்குச் செல்வதற்குள் நமக்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன.

இந்த இடத்தில், பயிற்றுநர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடலின் உள்நிலையை உணரும் ஆற்றலை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அளந்துவருகின்றனர். 1981-இல் ரைனர் ஷாண்ட்ரி அறிமுகப்படுத்திய முறையில், நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் தன் இதயத் துடிப்புகளை ஒருவர் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை கருவி காட்டும் எண்ணிக்கையுடன் ஒப்பிடப்படும். 2015-இல் சாரா கார்ஃபிங்கெலும் உடன் ஆய்வாளர்களும் இதில் மூன்று வேறுபட்ட விஷயங்கள் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினர்: எவ்வளவு துல்லியமாக உணர்கிறோம், நமக்கு நன்றாக உணரத் தெரியும் என்று எவ்வளவு நம்புகிறோம், அந்த நம்பிக்கையும் துல்லியமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன. இவை ஒன்றையொன்று சார்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்டகாலமாகத் தியானம் செய்துவந்தவர்கள் இதயத் துடிப்பைக் கண்டறிவதில் மற்றவர்களைவிடச் சிறந்து விளங்கவில்லை; ஆனால் தாங்கள் நன்றாகச் செய்ததாக அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். எட்டு வாரம் முடிந்ததும் “இப்போது என் உடல் சொல்வது எல்லாம் எனக்குக் கேட்கிறது” என்ற உறுதி பிறக்கும். அந்த உறுதியைச் சற்று நிறுத்திவைத்துப் பார்ப்பது நல்லது. இதயத் துடிப்பை எண்ணுவதும் தோளின் இறுக்கத்தை அறிவதும் ஒரே திறன் அல்ல என்பது உண்மைதான். எனினும் கூடுதலாகக் கவனிப்பதே நன்மை என்று முடிவுகட்டவும் இடமில்லை. திடீர்திடீரெனக் கடும் அச்சம் தாக்கும் பீதிக் கோளாறு உள்ளவர்களில் பலர் தங்கள் இதயத்தின் ஒவ்வோர் அசைவையும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். கவனித்ததை ஆபத்து என்று பொருள்கொள்வதால் துடிப்பு மேலும் கூடுகிறது, கூடிய துடிப்பு ஆபத்துக்குச் சான்றாகிவிடுகிறது. கவனத்தின் அளவைக் காட்டிலும் அதன் தன்மையே முக்கியம் என்பதை அந்தச் சுழல் காட்டுகிறது. தீர்ப்பு வழங்காமல் கவனிக்க வேண்டும் என்று எம்.பி.எஸ்.ஆர். திரும்பத் திரும்ப வலியுறுத்துவது வெறும் நல்லுரை அல்ல, பயிற்சியின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது.

அறிகுறியைக் கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது என்பதை ஐந்தாம் வாரம் எடுத்துக்கொள்கிறது. நிறுத்து, ஒரு மூச்சை உணர், உடலிலும் மனத்திலும் நடப்பதைப் பார், பிறகு செயலைத் தொடர் என்ற சிறிய வரிசையை வேலைக்கு நடுவே பயன்படுத்தச் சொல்கிறார்கள். அது பயன்படுகிறது. மூச்சைப் பொறுத்தவரை எம்.பி.எஸ்.ஆர். எடுக்கும் நிலைப்பாட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மூச்சைக் கவனிக்க வேண்டும், மாற்றக் கூடாது என்பது அதன் விதி. உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைவதும் வெளிவிடும்போது மெதுவாவதும் மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக நடக்கும் இயல்பான செயல். ஆகவே வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் உடல் அடங்கத் தொடங்குகிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்பதோடு ஒப்பிட்டால், இது எளிதில் கற்றுக்கொள்ளக்கூடிய மாற்றம். இதை ஏன் கற்றுத்தருவதில்லை என்று கேட்டதற்கு, “மூச்சைத் திருத்தத் தொடங்கியதும் அதைக் கேட்பது நின்றுவிடும், முதலில் கேட்கப் பழகுங்கள்” என்று பயிற்றுநர் பதிலளித்தார். அந்தக் காரணத்தை மதிக்கிறேன். எந்த உணர்ச்சி எழுந்தாலும் உடனே அதைச் சரிசெய்ய ஓடுவதும் ஒருவகைத் தப்பித்தலே. ஆயினும் கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, முன்னேறிய வாரங்களிலாவது, மெதுவான மூச்சை ஒரு துணையாகத் தருவதில் தவறு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மெதுவான யோகாசனப் பகுதி சாதாரணம்; இணையவழியில் பயிற்றுநரால் உடலின் நிலையைச் சரியாகப் பார்க்க முடியாததால் அதன் பயன் மேலும் குறைந்தது. முழுநாள் மௌனம் நீளமானது, பயனுள்ளது, அதில் விரித்துரைக்க அதிகம் இல்லை.

நடத்திய நிறுவனத்தின்மீது எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டுப்பயிற்சிக்காக அவர்கள் தரும் செயலி, பயிற்சி செய்த நாள்களைத் தொடர் எண்ணிக்கையாகக் காட்டுகிறது. ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்புகிறது. மாலையானதும், “இன்று நீங்கள் இன்னும் பயிற்சி செய்யவில்லை” என்று அறிவிப்பு வருகிறது. அந்த அறிவிப்பு ஒலிக்கும்போது மூச்சு நிற்பதையும் தோள் உயர்வதையும் நான் தெளிவாகவே பதிவுசெய்திருக்கிறேன். அளவிடாமல், போட்டியிடாமல் கவனிக்கச் சொல்லும் ஒரு பயிற்சியை மதிப்பெண்ணுடன் பிணைப்பது அதன் அடிப்படைக்கே முரணானது. அறிவிப்பை அணைக்கும் வசதி அமைப்புகளுக்குள் ஆழத்தில் இருந்தது; பயன்படுத்துபவர் கேட்காமலேயே அது அணைந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான குறை, உடல்நலம் சார்ந்தது. உடலில் தோன்றும் எல்லாக் குறிகளும் மன அழுத்தத்தின் குறிகள் அல்ல. நெஞ்சில் அழுத்தம் தோன்றிக் கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், திடீரென மூச்சுத்திணறல், மயக்கம், உடலின் ஒரு பக்கம் பலமிழத்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றைத் தீர்ப்பு வழங்காமல் கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். மெதுவாக வளரும் குறிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தால் படபடப்பும் நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் உண்டாகின்றன; உடல் எடையும் குறைகிறது. இரத்தசோகையில் களைப்பும் வேகமான துடிப்பும் இருக்கும். இவற்றை மன அழுத்தம் என்று பெயரிட்டுப் பாயில் படுத்துக் கவனித்துக்கொண்டே இருந்தால், ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கக்கூடிய நோய் கண்டறியப்படாமல் நாள்கள் கடந்துபோகும். எங்களுக்குத் தந்த கையேட்டில் இதற்கென்று இருந்தது ஒரே ஒரு வரி. உடலைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடத்திட்டத்தில், கேட்டதை எப்போது மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும் என்பதற்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கடந்தகாலத்தில் கடுமையான வன்முறையையோ விபத்தையோ அனுபவித்தவர்களுக்கு உடலுக்குள் கவனத்தைத் திருப்புவதே அச்சத்தைக் கிளறக்கூடும் என்பதும் அந்தப் பகுதியில் இடம்பெற வேண்டும். அத்தகையவர்களுக்குக் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளவும், மார்பையும் வயிற்றையும் விட்டுப் பாதம் தரையில் பதிந்திருப்பதையோ சுற்றுப்புற ஒலிகளையோ கவனிக்கவும் எங்கள் பயிற்றுநர் தாமாகவே வழி சொன்னார். அது அவருடைய அனுபவத்தின் சிறப்பு; பாடத்திட்டத்தில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்தப் பயிற்சி பயன்தருகிறது என்பதற்கு என் அனுபவம் மட்டும் போதாது. 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளியான ஆய்வுத்தொகுப்பு, 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை ஆராய்ந்து, தியானப் பயிற்சித் திட்டங்கள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைப்பதற்கு மிதமான சான்று இருப்பதாகக் கூறியது. மன அழுத்தத்தைப் பொறுத்தவரை அதே தொகுப்பு கண்ட சான்று வலுக்குறைந்ததாகவே இருந்தது. பயிற்சியின் பெயரிலேயே மன அழுத்தக் குறைப்பு இருப்பதால், விளம்பரங்களில் இந்தச் செய்தியைக் காண்பது அரிது. 2022-இல் வெளியான மற்றொரு சோதனையில், பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எம்.பி.எஸ்.ஆர். பயிற்சியும் மற்றொரு பிரிவினருக்குப் பதற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்சிட்டலோபிராம் மருந்தும் தந்தபோது, எட்டு வார முடிவில் பயிற்சி மருந்தைவிடக் குறைந்ததாக இல்லை. இது நம்பிக்கை தரும் முடிவு. அதற்காக, மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாமாகவே நிறுத்திவிடலாம் என்று யாரும் இதிலிருந்து பொருள்கொள்ளக் கூடாது.

பணியிடங்கள் தம் ஊழியர்களுக்காக இத்தகைய பயிற்சிகளை ஏற்பாடு செய்வது பெருகிவருவதால், ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உடல் தரும் குறி பல நேரங்களில் உடலைப் பற்றியது அன்று, சூழலைப் பற்றியது. நள்ளிரவு வரை நீளும் வேலை, இருவர் செய்ய வேண்டியதை ஒருவர் செய்வது, அவமதிப்பாகப் பேசும் மேலாளர் ஆகியவற்றுக்கு எதிராக வயிறு இறுகினால் அந்த வயிறு சரியாகவே வேலை செய்கிறது. அந்தக் குறியைக் கேட்டபின் மாற வேண்டியது வேலையின் அமைப்பே தவிர, ஊழியரின் மூச்சு மட்டும் அன்று. கடினமான உரையாடல்களைப் பற்றிய ஆறாம் வாரப் பாடம் இதை ஓரளவு தொடுகிறது: இருவர் ஒருவரையொருவர் எதிர்கொண்டு, ஒருவர் அழுத்த மற்றவர் விட்டுக்கொடுப்பது, விலகுவது, எதிர்ப்பது, அழுத்துபவருடன் சேர்ந்து அதே திசையில் திரும்பி நிற்பது என்று உடலாலேயே செய்துபார்க்கும் பயிற்சி ஒன்று அதில் உண்டு. ‘முடியாது’ என்று சொல்வதற்கு முன்பே என் குதிகால்கள் பின்வாங்குவதை அதில் உணர முடிந்தது. இணையவழி வகுப்பில் எதிரே ஆள் இல்லாமல் இதைப் பாவனையாகவே செய்ய நேர்ந்தது ஓர் இழப்பு.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? தலைவலி, செரிமானக் கோளாறு, தூக்கமின்மை ஆகியவற்றுக்காக மருத்துவரைப் பார்த்து, வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டவர்களுக்கு; நாள் முடிவில்தான் தம் களைப்பை அறிகிறவர்களுக்கு; கோபம் வெளிப்பட்ட பிறகே கோபம் வந்ததை உணர்கிறவர்களுக்கு. கடும் மனச்சோர்விலோ அண்மைக்கால இழப்பின் அதிர்ச்சியிலோ இருப்பவர்கள் முதலில் மனநல மருத்துவரிடம் பேசி, அவர் சம்மதித்தால் சேரலாம். நேரடி வகுப்பு கிடைக்குமானால் இணையவழியைவிட அதுவே மேல்; இணையவழி என்றால், பதிவுசெய்யப்பட்ட காணொளிகளைவிட நேரலை மேல். நாளொன்றுக்கு 45 நிமிடங்கள் ஒதுக்க இயலாதவர்கள் சேராமல் இருப்பதே நல்லது. அவர்கள் ஐந்து கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஓர் இனிமையற்ற நிகழ்வை எழுதிவந்தாலே தம் உடலில் எது முதலில் எழுகிறது என்பதை அறிந்துகொள்ள முடியும்.

சேர முடிவு செய்தவர்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பயிற்றுநர் எம்.பி.எஸ்.ஆர். கற்பிப்பதற்கென்று முறையாகப் பயின்றவரா. ஒரு வகுப்பில் எத்தனை பேர். ஒவ்வொருவரும் பேச நேரம் கிடைக்குமா. இடையில் உடல்நிலையோ மனநிலையோ மோசமானால் யாரைத் தொடர்புகொள்வது? முதல் வகுப்புக்கு முன்பாகப் பயிற்றுநர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, அவருடைய உடல்நலப் பின்னணியைக் கேட்டறிவாரா என்பதையும் தவறாமல் கேளுங்கள். பேசுவதில்லை என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.